320 குதிரை சக்தி எங்கே போச்சு? மெஷினுக்கு மெஷின் மாறும் கார் கணக்கு!

320 குதிரை சக்தி என்று சொல்லி கார் விற்றார்கள். வாங்கிப் போனவர்கள் எந்திரத்தில் ஏற்றி அளந்து பார்த்தார்கள். கணக்கு உதைத்தது. ரகளை கிளம்பியது. கடைசியில் கார் கம்பெனியே இறங்கி வந்து விற்பனையை நிறுத்தியது. விற்ற கார்களையும் திரும்ப அழைத்தது.

இது நடந்தது அமெரிக்காவில், 1999-ம் ஆண்டு. கார், போர்டு கம்பெனியின் "மஸ்டாங் கோப்ரா".

இந்த விவகாரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. காரை அளந்த எந்திரமும் அப்படி ஒன்றும் அரிச்சந்திரன் அல்ல! ஒரே காரை காலையில் ஒரு பட்டறையிலும் மாலையில் இன்னொரு பட்டறையிலும் அளந்தால் இரண்டு கணக்கு வரும். 20, 30 குதிரைகூட வித்தியாசப்படும். எந்த நிபுணரும் இதை மறுப்பது இல்லை.

அப்படியானால் கோப்ராவின் குட்டு எப்படி உடைந்தது? எந்திரத்தின் கோளாறு எது, கம்பெனியின் கோளாறு எது என்று எப்படி பிரித்தார்கள்?

விவரம் வருமாறு:-

புகார் என்ன?

கோப்ராவில் 4.6 லிட்டர் என்ஜின். 8 சிலிண்டர், 32 வால்வு. 1998-ம் ஆண்டு வந்த கோப்ராவுக்கு 305 குதிரை சக்தி என்று கணக்கு. மறு ஆண்டு, சிலிண்டர் ஹெட்டை மாற்றி அமைத்து 320 ஆக உயர்த்தி விட்டோம் என்று கம்பெனி விளம்பரம் செய்தது. விலை 27 ஆயிரம் டாலருக்கு மேல்.

இந்த காரை வாங்குகிறவர்கள் ஆபீசுக்கும் கடைக்கும் போய்வர வாங்குகிறவர்கள் அல்ல. வேகப் பிரியர்கள். கார் வந்த கையோடு கால் மைல் பந்தயத் தடத்துக்கு ஓட்டிப் போய் பார்ப்பார்கள். அப்படி ஓட்டியவர்களுக்கு சந்தேகம் தட்டியது. புது வண்டி, பழைய வண்டியை முந்தவில்லை. "15 குதிரை கூடுதல்னு சொன்னாங்களே, அது எங்கே?" என்ற கேள்வி எழுந்தது.

அடுத்து அவர்கள் போன இடம், டைனமோமீட்டர் இருக்கும் பட்டறை.

டைனமோமீட்டர் என்பது என்ஜினின் சக்தியை அளக்கும் எந்திரம். பட்டறைக்காரர்கள் சுருக்கமாக "டைனோ" என்பார்கள். தரையில் பெரிய இரும்பு உருளை இருக்கும். காரின் சக்கரங்களை அதன் மேல் நிறுத்தி, காரை பெல்ட் போட்டு கட்டி விட்டு, ஆக்சிலேட்டரை தரையோடு அழுத்துவார்கள். கார் நின்ற இடத்தில் நிற்கும். உருளை பறக்கும். கம்ப்யூட்டர் திரையில் கோடு ஏறும். அதன் உச்சிதான் குதிரை சக்தி.

குதிரைக் கணக்கு

குதிரை சக்தி என்ற பேச்சை ஆரம்பித்து வைத்தவர் நீராவி என்ஜின் புகழ் ஜேம்ஸ் வாட். தன் என்ஜினை விற்க அவருக்கு ஒரு கணக்கு தேவைப்பட்டது. "இந்த என்ஜின் இத்தனை குதிரைக்கு சமம்" என்று சொன்னால்தானே வாங்குகிறவனுக்கு புரியும்! 1 நிமிடத்தில் 33 ஆயிரம் பவுண்டு எடையை 1 அடி உயரம் தூக்கினால் அது 1 குதிரை சக்தி என்று வைத்தார்.

ஐரோப்பாவில் வேறு குதிரை. 75 கிலோ எடையை 1 விநாடியில் 1 மீட்டர் தூக்கினால் அவர்களுக்கு 1 குதிரை. இது "பி.எஸ்." எனப்படும். வாட்டின் குதிரை 746 வாட். ஐரோப்பிய குதிரை 735½ வாட். ஆக 280 பி.எஸ். என்பது அமெரிக்க கணக்கில் 276 குதிரைதான்! காரை தொடுவதற்கு முன்பே, தாளில் 4 குதிரை காணாமல் போய்விடுகிறது.

சக்தியை அளக்க ஆரம்பத்தில் பிரேக் போட்டுத்தான் பார்த்தார்கள். பிரான்சு நாட்டு என்ஜினீயர் டி புரோனி 1821-ல் செய்த கருவி, சுழலும் தண்டை மரக்கட்டையால் இறுக்கிப் பிடித்து, எவ்வளவு முறுக்குகிறது என்று எடை போடும். 1877-ல் இங்கிலாந்தின் வில்லியம் புரூடு தண்ணீரை வைத்து பிரேக் போடும் கருவியை கொண்டு வந்தார். "பி.எச்.பி." என்று கார் விளம்பரத்தில் வருகிறதே, அதில் முதல் எழுத்து இந்த பிரேக்தான்.

எந்திரம் எதுவானாலும் கணக்கு ஒன்றே. முறுக்கு விசையை நிமிடச் சுற்றால் பெருக்கி 5,252-ல் வகுக்க வேண்டும். 300 பவுண்டு-அடி விசை, 5,252 சுற்று என்றால் 300 குதிரை. கணக்கில் கோளாறு இல்லை. கணக்குக்குள் போகும் எண்களில்தான் கோளாறு.

வழியில் தின்பவர்கள்

முதல் வித்தியாசம், எந்த இடத்தில் அளக்கிறோம் என்பது.

கம்பெனி சொல்லும் 320, என்ஜினை தனியாக கழற்றி மேடையில் வைத்து அளந்தது. பட்டறையில் அளப்பது சக்கரத்தில். என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே கியர்பாக்ஸ், நீளமான ஷாப்ட், பின்பக்க பல்சக்கரம், ஆக்சில், பேரிங் என்று வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் கொஞ்சம் தின்றுவிட்டுத்தான் அடுத்ததுக்கு கொடுக்கும்.

எவ்வளவு தின்கிறது? 15 சதவீதம் என்று பட்டறைகளில் ஒரு வாய்க்கணக்கு உண்டு. அந்த கணக்குப்படி 320 என்பது சக்கரத்தில் 272. ஆனால் இது வேதவாக்கு அல்ல. கியரில் உள்ள ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருந்தால் அதிகம் தின்னும். சூடாகி இளகினால் குறைவாக தின்னும். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியில் தின்கிற வாய்களும் அதிகம். சில பட்டறைகளில் சக்கரத்தில் வந்த எண்ணோடு ஒரு குத்துமதிப்பான சதவீதத்தை கூட்டி "இதுதான் உங்கள் என்ஜின் சக்தி" என்று எழுதிக் கொடுக்கிறார்கள். அது அளவு அல்ல, ஜோசியம்!

டயரும் சும்மா இருப்பது இல்லை. காற்று குறைந்த டயர் உருளையில் அமுங்கி சக்தியை விழுங்கும். பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினாலும் அதே கதி. தளர்த்தினால் டயர் வழுக்கும். பெல்ட் போடும் பையனின் கைப்பலம்கூட கணக்கில் சேருகிறது என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்.

உருளையிலும் ஜாதி உண்டு

டைனோவில் முக்கியமாக இரண்டு வகை.

ஒன்றில் உருளைக்கு பிரேக் கிடையாது. வெறும் கனம்தான். அந்த கனத்தை எத்தனை விநாடியில் எத்தனை வேகத்துக்கு சுழற்றியது என்று பார்த்து சக்தியை கணக்கு போடும். அமெரிக்காவில் "டைனோஜெட்" எந்திரங்கள் இந்த வகையில் பிரபலம்.

இன்னொன்றில் மின்காந்தத்தால் பிரேக் போடுவார்கள். சாலையில் காரின் எடையும் எதிர்க்காற்றும் எப்படி பின்னால் இழுக்குமோ, அப்படி இழுத்துப் பிடித்து அளக்கும். "மஸ்டாங் டைனோ" இந்த வகை. மஸ்டாங் காருக்கும் இந்த கம்பெனிக்கும் பெயர்தான் ஒன்று, சம்பந்தம் இல்லை.

இரண்டாவது வகை பெரும்பாலும் குறைத்தே காட்டும். முதல் வகையில் அளந்து மார்தட்டிய ஆசாமி, இரண்டாவதில் ஏறினால் முகம் தொங்கிப் போய் இறங்குவார். இதில் எது உண்மை என்று கேட்டால் பட்டறைக்காரர்களிடையே சண்டையே வரும்.

கனமான சக்கரம் மாட்டிய காரை முதல் வகையில் அளந்தால் எண் குறையும். ஏன்? சக்தியில் ஒரு பங்கு அந்த சக்கரத்தையே சுழற்ற செலவாகி விடும். அது உருளைக்கு வந்து சேராது. என்ஜின் அதே என்ஜின்தான். சக்கரத்தை மாற்றியதும் "சக்தி" மாறிவிட்டது!

கியரும் அப்படித்தான். சின்ன கியரில் என்ஜின் மளமளவென்று சுற்று ஏறும். தன் உறுப்புகளையே வேகமாக சுழற்றுவதில் சக்தி விரயமாகும். அதனால்தான் என்ஜினும் ஷாப்ட்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுற்றும் கியரை, பல கார்களில் நாலாவது கியரை, போட்டு அளக்கிறார்கள்.

சக்கரத்தை கழற்றிவிட்டு ஆக்சில் முனையிலேயே கருவியை பூட்டும் மூன்றாவது வகையும் இருக்கிறது. டயர் வழுக்கல், பெல்ட் இறுக்கம் என்ற தொல்லை அதில் இல்லை. எண்ணும் சற்று கூடவே வரும். அதைக் கொண்டு வந்து உருளைக் கணக்கோடு ஒப்பிட்டால் வம்புதான்.

வானிலை செய்யும் மாயம்

என்ஜினுக்கு பெட்ரோல் மட்டும் போதாது. காற்று வேண்டும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, சக்தி கூடும். வெயிலில் காற்று மெலிந்து போகும். உயரமான ஊரில் இன்னும் மோசம்.

அமெரிக்காவில் டென்வர் நகரம் கடல் மட்டத்தில் இருந்து 5,280 அடி உயரத்தில் இருக்கிறது. சரியாக ஒரு மைல். அங்கே சாதாரண என்ஜின் ஏறக்குறைய 6-ல் ஒரு பங்கு சக்தியை இழந்து நிற்கும்.

இந்த வித்தியாசத்தை சரிக்கட்ட ஒரு திருத்தக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அன்றைய வெப்பம், காற்றழுத்தம், ஈரப்பதம் மூன்றையும் பார்த்து, "இந்த கார் நல்ல நாளில் ஓடியிருந்தால் இவ்வளவு காட்டும்" என்று கம்ப்யூட்டர் எண்ணை கூட்டிக் கொடுக்கும்.

நல்ல நாள் என்றால் எது? இங்கேதான் குழப்பம். அமெரிக்க ஆட்டோமொபைல் என்ஜினீயர்கள் சங்கமான எஸ்.ஏ.இ. இப்போது சொல்லும் நல்ல நாள் 25 டிகிரி வெப்பம், 990 மில்லிபார் அழுத்தம். பழைய முறையில் நல்ல நாள் 15½ டிகிரி, 1,013 மில்லிபார். பழைய முறைக்கு "எஸ்.டி.டி." என்று பெயர். இரண்டுக்கும் 4 சதவீதம் வித்தியாசம். ஒரே காரின் ஒரே ஓட்டம் புது முறையில் 300 குதிரை. பட்டனை மாற்றி தட்டினால் பழைய முறையில் 312. பன்னிரண்டு குதிரை ஒரு பட்டனில்!

டர்போ மாட்டிய கார் என்றால் கேட்கவே வேண்டாம். அது காற்றை தானே அமுக்கி என்ஜினுக்குள் தள்ளுகிறது. உயரமான ஊரிலும் அவ்வளவாக சக்தி குறையாது. அந்த காருக்கும் டென்வர் பட்டறைக்காரர் சாதாரண என்ஜினுக்கு உரிய திருத்தத்தை போட்டால், 20 சதவீதத்துக்கு மேல் இலவசமாக ஏறிவிடும். சொந்தக்காரர் சந்தோஷமாக வீட்டுக்கு போவார். வண்டி மட்டும் போனபடியேதான் போகும்.

இன்னொரு தலைவலி, சூடு. சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது காற்று வந்து அறைந்து என்ஜினை குளிர்விக்கும். பட்டறையில் இருப்பது ஒரு மின்விசிறி. இரண்டு மூன்று முறை தொடர்ந்து ஓட்டினால் என்ஜினுக்குள் போகும் காற்று சூடேறும். காரின் கம்ப்யூட்டர் உஷாராகி, என்ஜின் கெட்டுவிடாமல் இருக்க தீப்பொறியை தாமதப்படுத்தும். எண் இறங்கும். அரை மணி நேரம் ஆறவிட்டு ஓட்டினால் மறுபடி ஏறும்.

தில்லுமுல்லு

இத்தனை ஓட்டைகள் இருக்கும்போது சில கில்லாடிகள் சும்மா இருப்பார்களா?

என்ஜினுக்கு "சக்தி ஏற்றித் தருகிறோம்" என்று பணம் வாங்கும் பட்டறைகள் வெளிநாடுகளில் ஏராளம். வேலைக்கு முன்பு ஒரு அளவு, வேலைக்கு பின்பு ஒரு அளவு எடுத்து இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுப்பார்கள். பெரும்பாலோர் நேர்மையானவர்களே. மோசடிக்காரர்கள் செய்யும் வேலை இதுதான்:

முதல் அளவை என்ஜின் கொதிக்க கொதிக்க எடுப்பது. இரண்டாவதை நன்றாக ஆறவிட்டு எடுப்பது. முதலில் எஸ்.ஏ.இ. கணக்கு, பிறகு எஸ்.டி.டி. கணக்கு. வெப்பத்தை அளக்கும் குமிழை காரின் ரேடியேட்டர் பக்கமாக நகர்த்தி வைத்துவிடுவது இன்னும் பலே. "அடடா, இவ்வளவு வெயிலா!" என்று ஏமாந்து கம்ப்யூட்டர் எண்ணை கூட்டிப் போடும்.

கோடுகளை வழுவழுப்பாக்கும் வசதியும் உண்டு. அதை குறைத்து வைத்தால் கோடு முள் முள்ளாக நிற்கும். அதில் ஒரு முள்ளின் உச்சியை காட்டி "இதோ உங்கள் சக்தி" என்று சொல்லிவிடலாம்.

நம் கடைத்தெருவில் தராசுக்கும் படிக்கல்லுக்கும் அதிகாரி வந்து முத்திரை போடுகிறார். 10 கிராம் குறைந்தால் கடைக்காரருக்கு அபராதம். ஆயிரக்கணக்கில் பணம் புரளும் இந்த உருளைக்கு அப்படி ஒரு முத்திரை இல்லை என்பது ஆச்சரியம்தான்.

கோப்ரா சிக்கியது எப்படி?

ஆக, தனி ஒரு ஆள் ஒரு தாளை நீட்டி "320 இல்லை" என்று சொன்னால், "உங்கள் டயரில் காற்று குறைவு" என்று கம்பெனி வாயை அடைத்திருக்க முடியும்.

கோப்ரா விவகாரத்தில் அது முடியவில்லை. ஒருவர் அல்ல, பலர் அளந்தார்கள். ஒரு எந்திரம் அல்ல, பல எந்திரங்கள். டைனோவின் தவறு என்றால் ஒரு இடத்தில் கூட வேண்டும், ஒரு இடத்தில் குறைய வேண்டும். இங்கே எல்லாம் ஒரே பக்கமாக குறைந்தது. பழைய கோப்ராக்கள் அதே மாதிரி உருளைகளில் காட்டிய எண்ணைக்கூட புதிய கார் எட்டவில்லை. உருளை பொய் சொன்னால் இரண்டு காருக்கும் ஒரே பொய்யைத்தானே சொல்ல வேண்டும்? பந்தயத் தடத்து நேரமும் சாட்சிக்கு வந்து நின்றது.

கம்பெனி சோதனை நடத்தியது. குறை இருப்பதை ஒப்புக்கொண்டது. 1999 ஆகஸ்டு மாதம் கடைகளில் இருந்த கோப்ராக்களின் விற்பனையை நிறுத்தியது.

குற்றவாளி யார்? காற்று போகும் வழி! என்ஜினுக்குள் காற்றை கொண்டு செல்லும் இன்டேக் மேனிபோல்டு என்ற அலுமினிய குழாய்த் தொகுதியில், வார்ப்பின்போது படிந்த பிசிறுகள் அப்படியே நின்றுவிட்டன. காற்று தாராளமாக உள்ளே போக முடியவில்லை. புகை வெளியேறும் பக்கமும் நெருக்கடி. மூக்கை அடைத்து வாயையும் பொத்திக் கொண்டு ஒருவனை ஓடச் சொன்னால் எப்படி ஓடுவான்?

கம்பெனி தன் செலவில் மேனிபோல்டை மாற்றிக் கொடுத்தது. என்ஜின் கம்ப்யூட்டரையும் சைலன்சர் பகுதியையும் மாற்றியது. அந்த ஆண்டு செய்த கார்கள் 8 ஆயிரத்துக்கு சற்று அதிகம். 2000-ம் ஆண்டில் சாதாரண கோப்ரா விற்பனைக்கே வரவில்லை. பந்தயத்துக்கு என்று செய்த 300 "கோப்ரா ஆர்" கார்கள் மட்டும் வந்தன. 2001-ல் கோப்ரா திரும்பியபோது அதே 320 என்ற எண்ணோடு வந்தது.

மற்ற கம்பெனிகள்

மாட்டியது போர்டு மட்டும் அல்ல. ஜப்பானின் மாஸ்டா கம்பெனி அமெரிக்காவில் 2001-ம் ஆண்டு மியாட்டா காருக்கு 155 குதிரை என்றது. உண்மை 142. வேண்டாம் என்றவர்களிடம் காரை திரும்ப வாங்கிக் கொள்வதாக அறிவித்தது. இரண்டே ஆண்டில் அதே கம்பெனியின் ஆர்.எக்ஸ்.-8 காரில் 247 என்பது 238 ஆக இறங்கியது. மறுபடி அதே அறிவிப்பு. காரை வைத்துக் கொள்கிறவர்களுக்கு 500 டாலரும் இலவச பராமரிப்பும்.

2002-ல் கொரியாவின் ஹூண்டாய், 1992-ல் இருந்து அமெரிக்காவில் விற்ற 13 லட்சம் கார்களில் குதிரை சக்தியை கூட்டிச் சொன்னதாக ஒப்புக்கொண்டது.

அதற்கு முந்தைய காலம் இன்னும் தமாஷ். 1971 வரை அமெரிக்க கம்பெனிகள் என்ஜினை ஏர் கிளீனர், சைலன்சர், விசிறி, மின்சார ஜெனரேட்டர் எதுவும் இல்லாமல் அளந்து விளம்பரம் செய்து வந்தன. 1972-ல் எல்லாவற்றையும் மாட்டி அளக்கும் முறை வந்தது. காடிலாக் எல்டொராடோ காரின் 8.2 லிட்டர் என்ஜின், 365-ல் இருந்து ஒரே ராத்திரியில் 235 ஆனது. என்ஜினில் யாரும் கை வைக்கவில்லை!

2005-ல் எஸ்.ஏ.இ. சங்கம் ஒரு ஏற்பாடு செய்தது. தனி சாட்சி ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க அளந்தால்தான் சான்றிதழ். விதியில் இருந்த ஓட்டைகளும் அடைக்கப்பட்டன. உடனே பல கார்களின் எண்கள் ஆட்டம் கண்டன. டொயோட்டா கேம்ரியின் 6 சிலிண்டர் என்ஜின் 210-ல் இருந்து 190 ஆனது. செவர்லே கார்வெட் இசட்.06 500-ல் இருந்து 505 ஆக ஏறியது.

ஜப்பானில் கதை தலைகீழ். 280 பி.எஸ்.சுக்கு மேல் விளம்பரம் செய்வது இல்லை என்று கார் கம்பெனிகள் தங்களுக்குள் பேசி வைத்திருந்தன. 1989-ல் இருந்து 2004 வரை இந்த ஒப்பந்தம் நீடித்தது. நிசான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். காருக்கும் தாளில் 280-தான். உருளையில் ஏற்றியவர்களுக்கு உண்மை தெரியும். அங்கே குதிரைகளை ஒளித்து வைத்தே விற்றார்கள்.

பட்டறைக்கு காரை கொண்டு போகிறவர்கள் கேட்க வேண்டியது சில உண்டு. எந்த வகை எந்திரம்? எந்த திருத்தக் கணக்கு? திருத்தாத எண் எவ்வளவு? தாளின் ஓரத்தில் வெப்பமும் அழுத்தமும் அச்சாகி இருக்கிறதா? என்ன கியர்? மூன்று முறையாவது ஓட்டினார்களா? வேலைக்கு முன்பும் பின்பும் அதே எந்திரம், அதே டயர், அதே சூடு என்றால் இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பலாம். எண்ணை வைத்துக்கொண்டு பக்கத்து ஊர்க்காரரோடு பந்தயம் கட்டினால் பணம் போகும்.

போர்டு கம்பெனி 2003-ம் ஆண்டு மாடலாக, காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர் மாட்டிய புதிய கோப்ராவை கொண்டு வந்தது. இந்த முறை சொன்னது 390 குதிரை. வாங்கியவர்கள் வழக்கம்போல நேராக உருளைக்கு ஓட்டிப் போனார்கள். சக்கரத்திலேயே 360-க்கு மேல் வந்தது. 15 சதவீத வாய்க்கணக்குப்படி பார்த்தால் என்ஜினில் 420-ஐ தாண்டுகிறது. கம்பெனி குறைத்துச் சொல்லிவிட்டது என்று இந்த தடவை கொடி பிடிக்க ஆள் இல்லை.